துண்டு போட்ட பெஞ்சு

பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்பும்போதே கூடவே ஓடி, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, ஒரு துண்டையோ கட்டைப்பையையோ சீட்டில் போட்டு இடம் பிடித்திருக்கிறீர்களா? பிடித்திருந்தால், நான் சொல்லப்போவதில் நீங்கள் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பிடித்ததே இல்லை, எங்களுக்குக் கார்தான் என்றால், துறையூர் பஸ்ஸில் போய்வருகிறவர்கள் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள், அவர்கள் விளக்கிச் சொல்லுவார்கள்.

எங்கள் வேலா நகரில் ஆறு பிளாக், பிளாக்குக்குப் பன்னிரண்டு வீடு, எல்லாவற்றுக்கும் நடுவே பல் விழுந்த இடம் மாதிரி ஒரு காலி மனை, மனையின் ஓரத்தில் ‘பூங்காவுக்காக ஒதுக்கப்பட்ட இடம்’ என்று ஒரு போர்டு. போர்டு வைத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது என்று எதிர்வீட்டு ஜெயசுந்தரி அக்கா சொல்லும். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் அங்கே தானாக வளர்ந்தது சீமைக்கருவேலம், நாங்கள் வளர்த்தது குப்பை. ஊஞ்சல் வரும், நீரூற்று வரும், நடைபாதை வரும் என்று ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். கடைசியில் வந்தது ஒரே ஒரு பெஞ்சு, அதைக் கொண்டுவந்ததும் ஓட்டுக்கு நின்ற ஆள் இல்லை, கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு சென்னையிலிருந்து வந்த ரூபவதி என்கிற பெண்.

ஊரில் கலைத் திருவிழா நடந்த தை மாசம் அது. ஓவியம் படித்த பிள்ளைகள் ஆளுக்கு ஒரு தெருவை எடுத்துக்கொண்டு எதையாவது செய்து வைத்தார்கள், ரூபவதி எங்கள் மனையை எடுத்துக்கொண்டாள். ஒரே நாளில் முள்ளை வெட்டிக் கூட்டிப் பெருக்கி, மனைக்கு நட்டநடுவே மூன்று பேர் உட்காருகிற ஒரு பச்சைப் பெஞ்சை வைத்து, பக்கத்தில் ஒரு அட்டையை மாட்டினாள். மேலே, ‘அனைவருக்கும் இடம் உண்டு.’ கீழே பொடி எழுத்தில், ‘நகரப் பூங்கா எனும் லட்சியத்தை விசாரணைக்கு உட்படுத்தும் கலைப்படைப்பு.’

“விசாரணைன்னு போட்டிருக்கு, தனு அம்மா. உக்காந்தா ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவாங்களோ?” என்று ஜெயசுந்தரி அக்கா என்னிடம் கேட்டது. அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள். மூன்று நாள் அந்தப் பெஞ்சில் காக்கா தவிர ஒருவரும் உட்காரவில்லை. நாலாம் நாள், ரிட்டயரான கண்டக்டர் அருளப்பன் சார், “செக்கிங் இன்ஸ்பெக்டரையே முப்பத்தோரு வருஷம் பாத்தவன், என்னை எவன் விசாரிக்கிறது?” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் உட்கார்ந்தார்கள். பெஞ்சு நிறைந்தது. நாலாவதாக அக்கா போய் நின்று, பஸ்ஸில் கேட்கிற அதே குரலில், “கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்றது. தள்ளினார்கள். இடம் இருந்தது.

அஞ்சாவது ஆள் வந்தார், தள்ளினார்கள், இடம் இருந்தது. பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார், தள்ளினார்கள், இடம் இருந்தது. ரெண்டு கல்லூரிப் பெண்கள் வந்தார்கள், ஒரு தபால்காரர் வந்தார், வாழைத்தார் சுமந்த ஒருவர் தாரோடு வந்தார், தள்ளத் தள்ள இடம் இருந்துகொண்டே இருந்தது. பொழுது சாய்வதற்குள் பதினேழு பேர், பதினேழு பேருக்கும் முதுகு சாய இடம். எண்ணிப் பார்த்தால் பெஞ்சின் கால்கள் மட்டும் நாலுக்குப் பதில் இருபத்திரண்டு.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. “மூணு பேர் சீட்டுல நாலு பேரு, நாலு பேர் சீட்டுல அஞ்சு பேரு. கேக்குற விதத்துல கேட்டா எடம் வராம எங்க போகும்?” என்றார் கண்டக்டர் சார். அது சரிதானே என்று எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் எழுந்தால் அவர் இடத்தைப் பெஞ்சு சும்மா வைத்திருக்காது, ஆமை தலையை இழுத்துக்கொள்வதைப் போல மெதுவாக மூடிக்கொள்ளும். எல்லாரும் எழுந்துவிட்டால் மறுபடி மனைக்கு நடுவே மூன்று பேர் பெஞ்சு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நிற்கும்.

எனக்கு அந்தப் பெஞ்சு வேறொன்றுக்கு வேண்டியிருந்தது. என் மகள் தனு என்கிற தன்ஷிகாவுக்கு அப்போது இருபது மாசம், இன்னும் நடக்கவில்லை. பேச்சு எல்லாம் வந்துவிட்டது, பக்கத்து வீட்டு மிக்சி ஓடினால் “சட்னி” என்று சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டது; கால் மட்டும் வரவில்லை. என் நாத்தனார் வாரம் தவறாமல் போனில், “என்ன அண்ணி, மருமக நடந்தாளா?” என்று கேட்பாள், நான் “நடந்துகிட்டே இருக்கு” என்று பொதுவாகச் சொல்லி வைப்பேன். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, “கால்ல ஒண்ணும் குறையில்ல. பிடிச்சுப் பிடிச்சு நடக்க நீளமா எதையாவது குடு” என்றார். நீளத்துக்கு நான் எங்கே போவேன்? எங்கள் வீட்டில் அடுப்படி வாசலிலிருந்து டி.வி. ஸ்டாண்டு வரைக்கும் அவள் காலுக்கு ஆறு எட்டு. ஆறாவது எட்டில் சுவர் தீர்ந்துவிடும், தனுவும் “போதும்” என்று உட்கார்ந்துவிடுவாள்.

பெஞ்சு தீரவில்லை. உட்கார்ந்திருக்கிறவர்களின் முழங்கால்களையும் பெஞ்சின் விளிம்பையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, முதல் நாள் இருபது எட்டு, மறுநாள் நாற்பது எட்டு, ஒவ்வொரு முழங்காலிலும் நின்று அந்த ஆளின் முகத்தை ஒருதரம் பார்த்து, பிடித்திருந்தால் “தாத்தா”, பிடிக்காவிட்டால் “சட்னி” என்று பெயர் வைத்துக்கொண்டே போனாள். கையை விடச் சொன்னால் மட்டும் அலறுவாள்.

இப்படி ஒரு மாசம் அந்தப் பெஞ்சு எங்கள் ஊரின் நடுமுற்றமாக இருந்தது. ரேஷன் கடை வரிசை நிற்காமல் உட்கார்ந்தே நகர்ந்தது. ஒரு பெண் பார்க்கும் சடங்கு அங்கேயே நடந்து, மாப்பிள்ளை வீட்டார் இருபத்தாறு பேர் வந்தும் ஒருவர்கூட இடமில்லை என்று முகம் சுளிக்காமல் போனார்கள். சாக்கடைத் தண்ணீர்ச் சண்டையில் ஏழு வருஷமாகப் பேசாத ரெண்டு வீட்டுக்காரர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், நடுவில் முப்பது பேர் இருந்தாலும் ஒரே பெஞ்சுதானே. ரூபவதி வாரம் ஒருமுறை வந்து தூரத்தில் நின்று பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போவாள். “நான் இதத்தான் கனவு கண்டேன்க்கா” என்று என்னிடம் ஒருதரம் சொன்னாள்.

பிறகுதான் துண்டு வந்தது. போட்டவர் கண்டக்டர் சார். டீ குடிக்க எழுந்தவர், பழக்க தோஷம், தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் இடத்தில் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் துண்டு கிடந்தது, துண்டுக்கு அடியில் இடமும் அப்படியே கிடந்தது. பெஞ்சு மூடிக்கொள்ளவில்லை.

இந்தச் செய்தி ஆறு பிளாக்குக்கும் பரவ அரைமணி நேரம் ஆகவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் பெஞ்சு முழுக்கத் துண்டு. எதற்கு இடம் பிடிக்கிறோம் என்று யாரும் யோசிக்கவில்லை, அடுத்தவர் பிடித்துவிட்டார் என்பது போதாதா? வெளியூர் மருமகனுக்கு ஒரு துண்டு, பொங்கலுக்கு வந்துபோன தம்பி அடுத்த பொங்கலுக்கு வருவானே, அவனுக்கு ஒன்று, மூணாவது மாடி கர்ப்பிணிப் பெண் தனக்கு ஒன்று, வயிற்றில் இருக்கிறதுக்கு ஒன்று, ஸ்கேனில் ரெண்டு இருக்குமோ என்று சந்தேகம் வந்ததால் இன்னொன்று. எது செல்லும், எது செல்லாது என்று தகராறு வந்தபோது கண்டக்டர் சார் பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து தீர்ப்புச் சொன்னார். “துண்டு செல்லும். குடை செல்லும். டிபன் கேரியர், காலியா இருந்தாலும் செல்லும். ஒத்தைச் செருப்பு செல்லாது. சீப்பு செல்லவே செல்லாது, அசிங்கம்.”

உட்கார வந்தவர்கள் துண்டுகளிடம் “கொஞ்சம் தள்ளுங்க” என்று சொல்ல முடியாது இல்லையா? அதனால் கடைசித் துண்டுக்கு அப்பால் போய் நின்று கேட்டார்கள், பெஞ்சு அந்தப் பக்கம் இடம் கொடுத்தது. கிடைத்த இடத்தில் அவர்களும் துண்டு போட்டார்கள். பெஞ்சு மனையின் எல்லையைத் தாண்டியது, ரேஷன் கடையைத் தாண்டியது, வேப்பமரத்துக்கு மரியாதையாக ஒதுங்கி வளைந்து தெருவுக்கு வந்தது, தெருவின் பாதியை எடுத்துக்கொண்டு அந்தக் கோடி டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போய் நின்றது. அக்கா எண்ணிப் பார்த்தது. மனைக்கு வெளியே இருநூற்றுப் பதினோரு இடம், அத்தனையிலும் துணி. மனைக்கு உள்ளே துணி இல்லை, ஒன்பது பேர்தான்.

ரூபவதி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். “ஆளே இல்லையே! அது ஏங்க்கா துணிக்கு இடம் கொடுக்குது?”

“பெஞ்சு மேல தப்பில்லம்மா” என்றேன். “நீ எங்க ஊருக்குன்னு செஞ்ச. அது எங்க ஊரக் கத்துக்கிச்சு. எங்களுக்குத் துண்டுன்னா ஆளு.”

எனக்கு இதில் நஷ்டம் இல்லை, லாபம்தான், பெஞ்சு எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குத் தனு நடந்தாள். ஒரே ஒரு தொல்லை, முழங்கால்கள் இருந்த இடத்தில் இப்போது துணிகள், அவள் எதைப் பிடித்தாலும் அது கையோடு வந்துவிடும். அவள் இழுத்துப் போட்டுக்கொண்டே போவாள், நான் பின்னாலேயே குனிந்து எடுத்து, உதறி, எடுத்த இடத்தில் போட்டுக்கொண்டே போவேன். அடுத்தவர் துண்டை எடுத்தாள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை நகராட்சிப் பொறியாளர் சந்தானகிருஷ்ணன் ரெண்டு ஆட்களோடு டேப் பிடித்து வந்தார். டேப் தீர்ந்து, மறுபடி வைத்து, மறுபடி தீர்ந்து, அளந்து முடிப்பதற்குள் அவர் சட்டை நனைந்துவிட்டது. “இது யாரோட பெஞ்சு?” என்று கேட்டார்.

“எங்களோடது!” என்று ஆறு பிளாக்கும் சொன்னது.

“அப்ப யாரு எடுத்து உள்ள வைக்கிறது?”

ஒவ்வொரு பிளாக்கும் அடுத்த பிளாக்கைக் காட்டியது.

அவர் நல்ல மனுஷர், கத்தவில்லை. மனை எல்லைக்கிட்டே பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்து நோட்டீசை எழுதிப் படித்துக் காட்டினார். “மனைக்கு உள்ள நீங்க என்ன வேணா வெச்சுக்குங்க. திங்கக்கிழமை பத்து மணிக்கு, எல்லைக்கு வெளிய ஒரு சாண் நீட்டிக்கிட்டு இருந்தாலும் மெஷின் வெச்சு அறுக்கச் சொல்லிருவேன். ஆம்புலன்ஸ் வந்தா எப்படிம்மா போகும்?”

“வெளிய இருக்கிறதத்தானே அறுப்பீங்க? உள்ள இருக்கிறது இருக்குமில்ல?” என்று நான் கேட்டேன். ரூபவதி என் கையைப் பிடித்தாள். “அது ஒரே உயிரு அக்கா. எங்க அறுத்தாலும் அப்புறம் வளராது. வெறும் பலகைதான்.”

மனைக்குள் மட்டும் பெஞ்சு இருந்தால்கூட எனக்கு நாற்பது, அம்பது எட்டு கிடைக்கும். பலகையாகிவிட்டால் மறுபடியும் அடுப்படி வாசல், டி.வி. ஸ்டாண்டு, ஆறு எட்டு.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டோம். துண்டுகளை எடுத்தால் பெஞ்சு தானாக உள்ளே போய்விடும், அறுக்க வேண்டியதே இல்லை, அது குழந்தைக்குக்கூடத் தெரியும். எல்லாரும் எடுக்கத் தயார், முதலில் எடுக்க ஒருவரும் தயார் இல்லை. “நான் எடுத்த பின்னாடி அவரு எடுக்கலைன்னா?” “நான் ஏன் எடுக்காமப் போறேன்? நீங்க எடுங்க, பின்னாடியே எடுக்கிறேன்.” “பின்னாடி என்ன பின்னாடி, பெரியவர் நீங்கதானே முன்னாடி?” சாக்கடைச் சண்டைக்காரர்கள் ஏழு வருஷத்துக்கு அப்புறம் முதல்முறையாகப் பேசிக்கொண்டார்கள், ‘நீ எடு’ என்று.

கடைசியில் கண்டக்டர் சார் வழி சொன்னார். “அவங்கவங்க துண்டுகிட்டப் போய் நில்லுங்க. ரெண்டு விசில் அடிப்பேன். எல்லாரும் ஒரே சமயத்துல எடுக்கணும். ரைட்டா?”

“ரைட்!”

போய் நின்றோம். ரெண்டு விசில் அடித்தார். எல்லாரும் பக்கத்து ஆள் எடுக்கிறானா என்று திரும்பிப் பார்த்தார்கள். இருநூற்றுச் சொச்சம் தலைகள் ஒரே சமயத்தில் திரும்பின, அதில் மட்டும் ஒற்றுமைக்குக் குறைவில்லை. ஒரு துண்டும் அசையவில்லை. இன்னொருதரம் அடித்தார். இன்னொருதரம் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது தரம் விசில் அடிக்க எடுத்தபோது அக்கா கேட்டது, “ஏன் சார், மொதல்ல உங்க துண்டத்தான் எடுங்களேன்.” அவர் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, “கண்டக்டர் சீட்டு எங்கயும் ரிசர்வு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கே ஜெனரேட்டரும் அறுக்கிற மெஷினும் வந்து மனை எல்லையில் இறங்கின. நான் தனுவுக்கு இட்லியைப் பிசைந்து கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு டிரான்ஸ்பார்மர் கோடிக்குப் போனேன். பெஞ்சின் கடைசி முனையில் அவளை நிறுத்தி, மனைப் பக்கம் பார்க்க வைத்து, “நடடி தங்கம்” என்றேன்.

அவள் கடைசித் துண்டைப் பிடித்தாள். அது வந்துவிட்டது. அடுத்த குடையைப் பிடித்தாள். அதுவும் வந்துவிட்டது. நான் எடுத்துப் போடவில்லை.

அவள் பின்னால் பெஞ்சு ஒரு இடம் உள்ளே வந்தது, ரெண்டு இடம் உள்ளே வந்தது. முன்னால் அவள் போகப் போக, பின்னால் அது சத்தமில்லாமல் ஊர்ந்து கூடவே வந்தது.

“ஏம்மா, தனு அம்மா! அது எங்க துண்டு! எடுத்துப் போடும்மா!”

“கையில கிண்ணம் இருக்குங்கண்ணா.”

“இன்னொரு கை?”

“அதுல இட்லிங்கண்ணா.”

மாடியிலிருந்து ஒருவர் கத்தினார், ஜன்னலிலிருந்து ஒருத்தி கத்தினாள். “பிள்ளையத் தூண்டி விடுறியா?” “நல்லா வளக்குற பிள்ளைய!” கத்தினார்களே தவிர, இறங்கி வந்து குழந்தை கையிலிருந்து துண்டைப் பிடுங்க ஒருவருக்கும் மனசு வரவில்லை, அந்த அளவுக்கு எங்கள் ஜனங்கள் நல்ல ஜனங்கள்தான். அதோடு, தன் துண்டு மட்டும் போகவில்லை, அடுத்தவன் துண்டும் போகிறது என்று கண்ணால் பார்த்ததில் ஒரு நிம்மதியும் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கத்தல் வேறு மாதிரி ஆனது. “அந்தப் பச்சைத் துண்டு அவனோடதுதான், அதையும் இழுடி செல்லம்!” “கேரியரை விட்டுறாத!” அக்கா கூடவே நடந்து எண்ணிக்கொண்டு வந்தது. “நூத்திநாப்பது… நூத்திநாப்பத்தொண்ணு… ஆத்தா, இட்லி ஒரு வாய் வாங்கிக்கோ… நூத்திநாப்பத்திரண்டு…” கண்டக்டர் சாரின் துண்டு வந்தபோது தனு அவரை நிமிர்ந்து பார்த்து, “சட்னி” என்று சொல்லிவிட்டு இழுத்தாள். அவர் ரெண்டு விசில் அடித்து வழிவிட்டார்.

வேப்பமரம் வந்தது, ரேஷன் கடை வந்தது. மணி பத்தாக அஞ்சு நிமிஷம். பொறியாளர் எல்லைக் கோட்டுக்கு உள்ளே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், மெஷின்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இருநூத்திப் பதினொண்ணு” என்றது அக்கா. கோட்டுக்கு வெளியே, அன்றைய கணக்கில் வராத ஒரே ஒரு இடம் இன்னும் மிச்சம். அதில் நாலாக மடித்த ஒரு வெள்ளைக் கைக்குட்டை, மடிப்புக் கலையாமல் இருந்தது.

தனு அதைப் பிடித்து இழுத்தாள். பெஞ்சு கோட்டுக்கு உள்ளே போய்விட்டது. தனுவும் விளிம்பைப் பிடித்தபடியே கோட்டைத் தாண்டினாள், ஒரு கையில் கைக்குட்டை.

“இது யாரோடது? நம்ம ஆளுங்க யாரும் இவ்ளோ வெள்ளையா வெச்சுக்க மாட்டாங்களே” என்று அக்கா சுற்றிலும் பார்த்தது.

பொறியாளர் கழுத்து வரைக்கும் சிவந்துபோனார். “என்னோடதும்மா” என்றார் மெதுவாக. “அன்னிக்கு நோட்டீஸ் எழுத உக்காந்தேன். காத்து நல்லா வந்துச்சு. இன்னிக்கு வேலை முடிஞ்சதும் கொஞ்ச நேரம் உக்காரலாமேன்னு…”

அறுக்க வந்தவரே இடம் பிடித்து வைத்திருக்கிறார்! வேலா நகர் சிரித்த சிரிப்பில் டிரான்ஸ்பார்மர் காக்காயெல்லாம் பறந்தது. மெஷின்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரும் அவர் முகத்தை நன்றாகப் பார்ப்பதற்காக எழுந்துவிட்டார்கள்.

எழுந்ததுதான் தப்பு. உட்கார ஆளும் இல்லை, துண்டும் இல்லை என்று தெரிந்ததும் பெஞ்சு ஒரே மூச்சில் மனையின் நடுவுக்குப் போய் மூன்று பேர் பெஞ்சாக நின்றுகொண்டது. தனுவின் கைக்கு அடியிலிருந்து விளிம்பு நழுவியது.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வெட்டவெளியில், எதையும் பிடிக்காமல், என் மகள் நின்றுகொண்டிருந்தாள். கைக்குட்டையை ரெண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். பக்கத்தில் சுவர் இல்லை, முழங்கால் இல்லை. பெஞ்சு இருபது எட்டு தள்ளி இருந்தது. முன்னால் பொறியாளர் ஒருவர்தான். உதடு பிதுங்கி, இப்போதோ அப்போதோ என்று அழுகை வந்துகொண்டிருந்தது. அவரை நிமிர்ந்து பார்த்தாள், கொஞ்சம் யோசித்தாள்.

“தாத்தா” என்றாள்.

மனுஷர் உருகிப்போய்விட்டார். டேப்பைக் கீழே போட்டார், குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவளைத் தூக்க வந்தார்.

இட்லிக் கிண்ணத்தை அக்கா கையில் திணித்தேன்.

“சார், சார், தூக்கிறாதீங்க” என்றேன். “கும்பிட்டுக் கேக்குறேன், அப்படியே ரெண்டு எட்டு பின்னால போங்க.”